ஒடுக்கு எடுக்க வந்தவரிடம்

பெட்டியை உள்ளே கொண்டாராதீங்க தம்பி. அக்கட்டால, வாசல்லயே வையுங்க. கோவமெல்லாம் இல்லீங்க. பெட்டிக்குள்ள சுத்தியல் இருக்குமில்லீங்களா? சுத்தியலோட யாரும் இந்த ஷெட்டுக்குள்ள வந்ததில்லை, இனியும் வரப்போறதில்லை. நீங்க மட்டும் வாங்க. செருப்பைக் கழட்டிட்டு வாங்க. கையில அது என்ன, மோதிரமா? அதையும் கழட்டிச் சட்டைப் பையில போட்டுக்கங்க. பெல்ட்டுப் போட்டிருக்கீங்களா? அப்ப சட்டையை வெளிய இழுத்துவிட்டு மறைச்சுக்கங்க. குனியறப்ப பெல்ட்டு பக்கிள்தான் முதல்ல பெயிண்ட்டுல உரசும்.

பேரு என்ன சொன்னீங்க, அன்வருங்களா? சரி அன்வர் தம்பி, உங்களை வரச்சொன்னது தாரணிதானே? என்ர மக. எனக்குத் தெரியும். "அப்பா ஒண்ணுஞ் சொல்லமாட்டார், நீங்க போய் மட்கார்டுல இருக்கற ஒடுக்கை எடுத்து விட்டுட்டு வாங்க, ஞாயித்துக்கிழமை கோயமுத்தூர்ல பழைய கார் கண்காட்சி"ன்னு போன்ல சொல்லியிருப்பா. சொன்னாளா? பாத்தீங்களா! அப்பா ஒண்ணுஞ் சொல்லமாட்டாராம். அப்பாவுக்குச் சொல்றதுக்கு நிறைய இருக்கு. உக்காருங்க. அந்த ஸ்டூல்ல, சுவத்தோரமா.

குளுருதுங்களா? இந்த ஏசி, வண்டிக்காகப் போட்டது. எங்க ரூமுல ஃபேன்தான். பங்கஜம், என்ர சம்சாரம், ரொம்ப வருசமா கேட்டுக்கிட்டிருக்கா, மனுசனுக்கு வேர்க்காதா, காருக்குத்தான் வேர்க்குமான்னு. மனுசனுக்கு வேர்த்தாத் தொடைச்சுக்கலாம், இரும்புக்கு வேர்த்தா துருப் பிடிக்கும். இதைச் சொன்னா சண்டைக்கு வர்றா. வரட்டும். இத்தனை வருசத்துல எத்தனையோ சண்டை பாத்தாச்சு.

இருங்க, துணியை எடுக்கறேன். நீங்க எந்திரிக்க வேண்டாம், நானே எடுத்துக்குவேன். ஒரு பக்கமா இழுத்தா தூசி உள்ள இறங்கிரும், மடிச்சு மடிச்சுத்தான் எடுக்கோணும்.

பாருங்க.

எம்.ஜி. ரெண்டே சீட்டு, மேல கூரை கிடையாது. கம்பி வெச்ச சக்கரம். முன்னாடி கண்ணாடியை அப்பிடியே மடக்கிச் சாய்ச்சுக்கலாம். நாப்பத்தொம்பதாம் வருசத்து மாடல். வால்பாறையில டீ எஸ்டேட் வெச்சிருந்த வெள்ளைக்கார துரை ஒருத்தர் ஊருக்குக் கிளம்பறப்ப எங்கய்யனுக்கு வித்துட்டுப் போனது. அய்யன்னா என்னையப் பெத்தவர். சென்னியப்பன்னு பேரு. பொள்ளாச்சிப் பக்கம் சென்னியப்பன் கவுண்டர் வண்டின்னா அந்தக் காலத்துல சத்தத்தை வெச்சே சொல்லிருவாங்க. சோழவரத்துல ரேஸ் ஓட்டியிருக்காரு. கப்பு வாங்கினதில்லை, ஆனா ஓட்டியிருக்காரு.

தொடாதீங்க. கையைப் பின்னால கட்டிக்கங்க. எவ்வளவு நேரம் வேணும்னாலும் பாருங்க.

இதை அவர் வெச்சிருந்த லட்சணத்தைக் கேட்டா உங்களுக்கு வயிறெரியும். பக்கத்து சீட்டுல உர மூட்டை போட்டுக்கிட்டு வருவாரு. தென்னங்கன்னு ஏத்துவாரு. ஒருக்கா ஆட்டுக்கிடா ஒண்ணைச் சீட்டுல உக்கார வெச்சுக் கயித்தால கட்டி ஆனைமலைச் சந்தையில இருந்து ஓட்டிக்கிட்டு வந்தாரு. கிடா சீட்டுத் தோலைத் தின்னுபோட்டுது. அந்த இடத்துல நான் தேடிப் பிடிச்சு அதே தோல் வெச்சுத் தெச்சிருக்கேன், உங்களுக்கு எந்த இடம்னு கண்டுபிடிக்க முடியாது. மழையில ஓட்டுவாரு. கூரை இல்லாத வண்டிங்க! தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, "வேகமாப் போனா மேல நனையாது"ன்னு சொல்லிக்கிட்டே ஓட்டுவாரு. எங்கம்மா என்னைப் பெக்கறதுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனது இதுலதான். அம்மா கடைசிவரைக்கும் அதைச் சொல்லித் திட்டிக்கிட்டிருந்தாங்க.

அப்புறம் கண்ணுல புரை விழுந்துச்சு. ஆபரேஷன் பண்ணியும் ஒரு கண்ணு சரியா வரலை. இனி ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. வீட்டுக்கு வந்து சாவியை எடுத்துச் சாப்பாட்டு மேசை மேல வீசினாரு. "நீயே வெச்சுக்க"ன்னாரு. அவ்வளவுதான். அப்பிடித்தான் வண்டி எனக்கு வந்துச்சு.

நான் எடுத்தப்ப இது வண்டியா? தகரக் கொட்டாய். ஒவ்வொரு திருகாணியா கழட்டினேன். எது ஒரிஜினலோ அதைக் காப்பாத்தினேன், எது போலியோ அதைத் தூக்கி எறிஞ்சேன். பழைய பெயிண்ட்டை ஒரு மூலையில சுரண்டிப் பாத்து அதே சிவப்பைக் கலக்க வெச்சேன். இதுக்கு என்ர வயசுல பாதி போயிருச்சு. எல்லாம் முடிச்சு, நாலு பக்கமும் ஸ்டாண்டு குடுத்து, சக்கரம் தரையில படாம நிறுத்தினேன். படக்கூடாதுங்க. பட்டு நின்னா டயர் ஒரு பக்கமா சப்பையாயிரும்.

எங்கய்யன் வந்து பாத்தாரு. குனிஞ்சு பாத்தாரு, சுத்தி வந்தாரு. "ஏன்டா, இதை எப்ப இறக்குவே?"ன்னு கேட்டாரு. இறக்கறதில்லைங்கய்யான்னேன். "அப்ப எதுக்குடா ரிப்பேர் பண்ணினே?"

நான் கேக்கறேன், நீங்களே சொல்லுங்க. ஓட்டினா தேயுமா தேயாதா? பிஸ்டன் தேயும், பேரிங் தேயும், டயர் தேயும், ரோட்டுல கல்லுத் தெறிக்கும், எவனாவது டூவீலர்ல வந்து இடிப்பான். ஓட்டற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் வண்டி கொஞ்சங் கொஞ்சமாச் செத்துக்கிட்டிருக்கு. உலகத்துல இந்த மாதிரி இன்னொண்ணு இனிமே செய்யப்போறானா? மாட்டான். அப்பறம் ஓட்டறேன் ஓட்டறேன்னா? நாளைக்கு ஒரு பையன் வந்து, எம்.ஜி. எப்பிடி இருக்கும்னு கேட்டா என்ன காட்டுவீங்க? போட்டோவா?

எங்கய்யன் இதுக்கு, "ஓடாத வண்டி எப்பிடி இருக்கும்னு வேணா காட்டலாம்"ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாரு. ஷெட்டு வாசல் பக்கமே கொஞ்ச நாள் வரலை.

அப்புறம் ஆயுத பூஜை வந்துச்சு. எங்கய்யன் சாமி இல்லைங்கறவர். பூஜை ரூமுக்குள்ள கால் வெச்சதில்லை. கல்யாணத்துக்கே அய்யர் வேண்டாம்னு ரகளை பண்ணினவர். ஆனா ஆயுத பூஜைக்கு மட்டும் வந்து நிப்பாரு, சுண்டலுக்கும் என்னைக் கிண்டல் பண்றதுக்கும். நான் வண்டிக்குச் சந்தனம் வெக்கோணும். ஆனா பெயிண்ட் மேல சந்தனம் வெச்சா கறை விழுகும். அதனால பானெட் மேல ஒரு கண்ணாடித் தகட்டை, கீழ துணி போட்டு வெச்சு, கண்ணாடி மேல சந்தனம் குங்குமம் வெச்சேன். மாலையை ஸ்டாண்டுல போட்டேன். நாலு சக்கரத்துக்கும் கீழ எலுமிச்சம்பழம் வெக்கோணுமில்லீங்களா, வெச்சேன். சக்கரந்தான் தரையிலயே இல்லையே. பழம் பாட்டுக்குச் சக்கரத்துக்கு அடியில உருண்டுக்கிட்டுக் கிடந்துச்சு.

எங்கய்யன் சிரிச்ச சிரிப்பு இருக்கே! "பழம் நசுங்கோணும்னுதானேடா வெக்கறீங்க? நசுங்காத பழம் எதுக்கு? எடு, பங்கஜத்துகிட்டக் குடு, சர்பத்தாச்சும் போடட்டும்." வேலையாளுக முன்னாடிங்க. எல்லாரும் சிரிச்சாங்க. தாரணியும் சிரிச்சா. சர்பத்தும் போட்டாங்க. நான் குடிக்கலை.

அன்னைக்குச் சாயங்காலந்தான் கேட்டாரு. கேலியா இல்லை, சாதாரணமா கேட்டாரு. "ஒரு தடவை ஆழியார் வரைக்கும் போயிட்டு வர்றேன்டா. முடிஞ்சா மேல மலை ரோட்டுல அந்த ஒன்பதாவது வளைவு வரைக்கும். அங்க நின்னு டேமைப் பாத்துட்டு வந்துர்றேன்." எம்பத்தி நாலு வயசு. ஒரு கண்ணு. வால்பாறை மலை ரோடு. இந்த வண்டி. நான் முடியாதுன்னுட்டேன். பேச்சுக்கே இடமில்லைன்னுட்டேன். "என்ர வண்டிடா அது"ன்னாரு. நீங்கதானுங்களே குடுத்தீங்க, வீசி எறிஞ்சு குடுத்தீங்கன்னேன்.

நான் சொன்னது சரிதானே? யோசிச்சுச் சொல்லுங்க. சரி, காப்பி வருது, குடிங்க. டம்ளரை வண்டிப் பக்கம் கொண்டு போயிராதீங்க.

இப்ப விசயத்துக்கு வர்றேன். ரெண்டு வருசத்துக்கு முன்னால, இதே மாதிரி தை மாசம், பொங்கல் முடிஞ்சு கண்காட்சி. கண்காட்சிக்கு ஒரு சட்டம் இருக்குதுங்க. வண்டி தன்னால ஓடி மேடை மேல ஏறோணும். ஏறினாத்தான் மார்க்கு. அதனால வருசத்துல ஒருக்கா இறக்குவேன். லாரியில ஏத்தி, தார்ப்பாய் கட்டி, கோயமுத்தூர்ல மைதானத்துக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாடி ஓரமா நிறுத்தி இறக்கி, தொடைச்சு, அங்க இருந்து நான் ஓட்டிக்கிட்டுப் போவேன். ஃபர்ஸ்ட்டு கியர்லயே. எல்லாரும் அப்பிடித்தான். பாதி வண்டி அந்த ஓரத்துலதான் வந்து இறங்கும். ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சுக்குவோம், கேட்டுக்கமாட்டோம். "மாப்பிள்ளையைத் தோள்ல தூக்கிக்கிட்டு வந்து மண்டபத்து வாசல்ல இறக்கி விடற கணக்கா இருக்கு"ன்னு எங்கய்யன் சொல்வாரு. அவர் எதைத்தான் சொல்லலை!

கண்காட்சிக்கு முந்தின நாள். வண்டியை இறக்கிட்டேன். பெட்ரோல் ஊத்தி, ஸ்டார்ட் பண்ணிப் பாத்து, இன்ஜின் சூடேறற வரைக்கும் நின்னு கேட்டு, நிறுத்திட்டேன். சாவியைப் பூஜை ரூமுல முருகர் படத்துக்குப் பின்னால வெச்சேன். அங்க ஏன்னா, வீட்டுல எங்கய்யன் போகாத இடம் அது ஒண்ணுதான். வெச்சுட்டு லாரிக்காரனைப் பாக்கப் பொள்ளாச்சிக்குப் போயிட்டேன்.

லாரி ஷெட்டுல நின்னு பேசிக்கிட்டிருக்கேன், பங்கஜம் போன் பண்றா. கொரல் தழுதழுக்குது. நான் பயந்துட்டேன். "ஏனுங்க, மாமா பூஜை ரூமுக்குள்ள போயிட்டாருங்க! முருகர் முன்னாடி நிக்கறாருங்க! ரொம்ப நேரமா நிக்கறாரு!" எனக்கும் கண்ணுல தண்ணி வந்துருச்சு தம்பி, பொய் சொல்லலை. கடைசிக் காலத்துலயாச்சும் புத்தி வந்துச்சேன்னு. "நீ பக்கத்துல போகாதே, கும்பிடட்டும், தொந்தரவு பண்ணாதே"ன்னு நானே சொன்னேன். லாரிக்காரன்கிட்டக்கூடச் சொன்னேன், எங்கய்யன் சாமி கும்பிடறாரப்பான்னு. அவனும் கையெடுத்துக் கும்பிட்டான்.

சாவி ஞாபகமே வரலை. ஊருக்குள்ள வந்து வண்டியைத் திருப்பறப்பதான் முருகருக்குப் பின்னால என்ன இருக்குன்னு உறைச்சுது.

நான் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுபோச்சு. எம்.ஜி. போர்ட்டிகோவுல நிக்குது. சேறு. சக்கரக் கம்பியில சேறு, மட்கார்டுல சேறு, எந்த வாய்க்காத் தண்ணியில விட்டு ஏத்தினாங்களோ. இடது பக்கம் முன் மட்கார்டுல இந்த ஒடுக்கு. நீங்க வர்றப்ப கேட்டுல இடது பக்கத் தூணைப் பாத்தீங்களா? ஒரு கை அகலத்துக்குச் சுண்ணாம்பு அடிக்காம விட்டிருக்கும், சிவப்பா ஒரு கீறல் இருக்கும். அங்கதான். மலையெல்லாம் ஏறி இறங்கிட்டு வந்து, சொந்த வீட்டு கேட்டுல இடிச்சாச்சு. எங்கய்யன் முன் ரூமுல பெரிய சேர்ல உக்காந்திருக்காரு. மிச்சமிருந்த நாலு முடியும் நட்டமா நிக்குது. மூஞ்சியெல்லாம் தூசி. என்னையப் பாத்து வாய் நிறையச் சிரிக்கறாரு. தாரணி அங்கயே நின்னுக்கிட்டிருக்கா, அவளும் புழுதியில குளிச்சாப்பல. கூடப் போயிருக்கா.

நான் கத்தினேன். என்ன கத்தினேன்னு ஞாபகமில்லை. யார் இடிச்சதுன்னு கேட்டேன். தாரணி வாயைத் திறந்தா. எங்கய்யன் கையைக் காட்டி அவளை நிறுத்திட்டு, "நான்தான் இடிச்சேன். கண்ணு தெரியலை. இப்ப என்னங்கறே?"ன்னாரு.

பெத்த அப்பனை அடிக்கவா முடியும்? அந்த வருசம் கண்காட்சிக்குப் போகலை. அவர்கிட்டப் பேச்சையும் விட்டுட்டேன். ஆடி மாசம் அவர் போயிட்டாரு. தூக்கத்துலயே போயிட்டாரு.

வருத்தந்தானுங்க. இருக்காதா பின்னே? ஆறு மாசம் பேசாம இருந்திருக்கேன்.

அதுக்கப்புறம் நான் இதுல ஒண்ணையும் தொடலை. சேத்தைக்கூடக் கழுவலை. இங்க பாருங்க, இந்தக் கம்பிக்கு நடுவுல ஒரு காஞ்ச இலை மாட்டியிருக்கு, தெரியுதுங்களா? அது மலையில மாட்டினது. ஸ்டாண்டுல ஏத்தறப்ப இலை விழுந்துரக் கூடாதுன்னு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பாதுகாக்கறதுன்னா என்னங்க? வண்டிக்கு என்னென்ன நடந்துச்சோ அதையெல்லாம் பாதுகாக்கறதுதான். இது அவர் கடைசியா ஓட்டினது. இந்த ஒடுக்கு அவர் கை வெச்சது. இதை எடுங்கறா. நீங்களே சொல்லுங்க.

போன வருசம் கண்காட்சிக்கு இப்பிடியேதான் கொண்டுபோனேன். ஆமா, சேத்தோடதான்! டிரைவர் சீட்டுல நான் உக்காரலை, யாரையும் உக்கார விடலை. ஆளுகளை வெச்சுத் தள்ளிக்கிட்டே போனோம். மார்க் போடறவர் வெள்ளைக் கையுறை போட்டுக்கிட்டு வந்தாரு. சுத்தி ஒரு தடவை பாத்தாரு. "சார், மட்கார்டுல சேறு இருக்கு"ன்னாரு. அது ஒரிஜினல் சேறுங்கன்னேன். பக்கத்துல இருந்தவங்க சிரிச்சாங்க. "ஒடுக்கு?" அதுவும் ஒரிஜினல்தான்னேன். "சரி, ஸ்டார்ட் பண்ணி மேடையில ஏத்துங்க"ன்னாரு. ஏத்தமாட்டேன்னேன். "ஓடாத வண்டிக்கு மார்க் கிடையாது சார்"ன்னாரு. ஓடுங்க, ஆனா ஓட்டமாட்டேன்னு சொன்னேன். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவனெல்லாம் கையுறை போட்டுக்கிட்டு வந்துர்றான்! உன்ர மார்க்கை நீயே வெச்சுக்கன்னு சொல்லிட்டு அப்பிடியே தள்ளிக்கிட்டு வந்துட்டேன். இந்த வருசமும் அப்பிடித்தான் போவேன். வருசா வருசம் போவேன். அவங்க மார்க் போடாம இருக்கட்டும், நான் போகாம இருக்கமாட்டேன்.

இப்ப என்ர மக என்ன சொல்றா தெரியுமா? உங்ககிட்டயும் சொன்னாளா? ஓ, சொல்லிட்டாளா. ஒடுக்குப் போட்டது அவளாம்! தாத்தா ஒன்பதாவது வளைவு வரைக்கும் ஓட்டினாராம். அங்க இறங்கி நின்னு ரொம்ப நேரம் டேமைப் பாத்தாராம். அப்புறம் திரும்பி வந்து இடது பக்கச் சீட்டுல ஏறி உக்காந்துக்கிட்டு, "மேல நான் ஏத்திட்டேன் கண்ணு, கீழ நீ இறக்கு"ன்னாராம். வழியெல்லாம் கியருக்குச் சொல்லிக் குடுத்துக்கிட்டே வந்தாராம். வீட்டு கேட்டுகிட்ட வந்ததும் சந்தோசத்துல இவ கோட்டை விட்டுட்டாளாம். "என்ர தப்புப்பா, நானே காசு குடுத்து நானே எடுத்துர்றேன், ஞாயித்துக்கிழமை லாரி வேண்டாம், நானே கோயமுத்தூருக்கு ரோட்டுல ஓட்டிக்கிட்டு வர்றேன்"ங்கறா. லாரி வேண்டாமாம்! மூச்சு விடாம சொல்றா.

பொய்ங்க. பச்சைப் பொய். ஏன் சொல்றான்னா, தாத்தன் போட்ட ஒடுக்கைத் தொடவிடமாட்டேன், தான் போட்டதுன்னா எடுக்க விட்டுருவேன்னு நெனைக்கறா. புத்திசாலிதான். என்ர மகதானே.

எப்பிடிப் பொய்ங்கறேன்னு கேளுங்க. ஒண்ணு, எங்கய்யன் பொய் சொல்லமாட்டாரு. சத்தியம் பண்ணச் சொன்னா பண்ணமாட்டாரு, "சத்தியம் பண்றவனுக்குத்தான்டா பொய் சொல்லோணும்னு இருக்கும்"பாரு. ஆனா அவர் ஒரு வார்த்தை சொன்னா அது அதுதான். நான்தான் இடிச்சேன்னு அவர் வாயால சொன்னாரு. இவ சொல்றது நெசம்னா அவர் சொன்னது பொய்யாயிரும். எங்கய்யனை எவளும் பொய்யனாக்க முடியாது, அவ என்ர மகளாவே இருந்தாலும்.

ரெண்டாவது. எங்கய்யன் இந்த ஸ்டீரிங்கை யாருக்கும் குடுத்ததில்லை. யாருக்கும். எனக்கே குடுத்ததில்லைங்க. பதினெட்டு வயசுல கேட்டேன். களத்துல ஒரு சுத்து சுத்திப் பாருன்னாரு. ஏறி உக்காந்தேன், கியர் போட்டேன், கரகரன்னு ஒரு சத்தம். ஒரே ஒரு தடவைதான். "இறங்கு"ன்னாரு. திட்டலை கிட்டலை. இறங்குன்னு ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அதுக்கப்புறம் நான் கேக்கவுமில்லை, அவர் குடுக்கவுமில்லை. எனக்கும் ஓட்டற ஆசையெல்லாம் அன்னையோட போச்சு. அதனால எனக்கொண்ணும் வருத்தமில்லை. ஆனா ஒரு தடவை கியர் கத்தினதுக்கு என்னை இறக்கி விட்டவர், அஞ்சடி உசரத்துல ஒரு புள்ளைகிட்ட, மலை ரோட்டுல, இறக்கத்துல, குடுத்திருப்பாரா? பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்திருப்பாரா? எனக்குக் குடுக்காததை அவளுக்குக் குடுத்திருப்பாரா?

சொல்லுங்க தம்பி. குடுத்திருப்பாரா?

மூணாவது, அவர் எப்பிடி உக்காந்து ஓட்டினார்னு இந்தச் சீட்டே சொல்லுது. பாருங்க, சீட்டு எவ்வளவு முன்னால இழுத்திருக்குன்னு. நான் மேடையில ஏத்தறப்ப கடைசி வரைக்கும் பின்னால தள்ளித்தான் வெச்சிருப்பேன். அவர் முன்னால இழுத்துப் போட்டிருக்காரு. ஏன்? ஒரு கண்ணு இல்லையே, ரோடு தெரியோணும்னு ஸ்டீரிங்கு மேல கவுந்து உக்காந்திருக்காரு. அந்த வயசுல, அந்தக் கண்ணை வெச்சுக்கிட்டு, அப்பிடிக் கவுந்து உக்காந்துக்கிட்டு மலை ஏத்தியிருக்காரு பாருங்க. அதுக்குத்தான் இந்தச் சீட்டை ஒரு நூல்கூட நகர்த்தலை. ஷெட்டுச் சாவி என்கிட்டத்தான் இருக்கு, வேற ஈ காக்கா உள்ள வரமுடியாது. அவர் வெச்ச இடத்துல அப்பிடியே இருக்கு.

நம்பலையா? உங்க மூஞ்சி நம்பாத மூஞ்சியா இருக்கு. சரி, அவர் எப்பிடி உக்காந்தாருன்னு காட்டறேன். நானும் அவர் உசரந்தான், ஆறடி. நடந்து வர்றப்ப பின்னால இருந்து பாத்தா சென்னியப்பன் கவுண்டரே வர்றாருன்னுதான் சொல்லுவாங்க. இந்தக் கதவைப் பிடிங்க. துணி வெச்சுப் பிடிங்க. ரெண்டு வருசமா இதுல யாரும் உக்காரலை, நானே இன்னைக்குத்தான்.

இப்ப… காலை இப்பிடி விட்டு…

இருங்க.

முட்டி இடிக்குது. இன்னொரு பக்கமா விடறேன். இந்தக் காலை இப்பிடி… ஸ்டீரிங்கு தொடையில அழுத்துது. கிளட்ச்சுக்குக் கால் மடங்கினாத்தானே? மடங்க மாட்டேங்குது.

வயசானா மனுசன் சுருங்குவாங்க. எங்கய்யனும் கடைசிக் காலத்துல சுருங்கித்தான் போயிட்டாரு.

இவ்வளவா சுருங்கியிருப்பாரு?

சிரிக்காதீங்க. நீங்க சிரிக்கலை, எனக்குத் தெரியும், இருந்தாலும் சிரிக்காதீங்க. கொஞ்சம் சும்மா இருங்க. அந்த ஏசியை அமத்துங்க, சுவத்துல சுவிட்ச் இருக்கு.

அப்ப, குடுத்திருக்காரு.

பக்கத்துல உக்காந்து சொல்லிக் குடுத்துக்கிட்டே வந்திருக்காரு. வந்து என்ர முன்னாடி உக்காந்துக்கிட்டு, நான்தான் இடிச்சேங்கறாரு. சாமி இல்லை, சத்தியம் இல்லை, பொய் மட்டும் இருக்கு! கடங்கார மனுசன். எப்பிடிச் சிரிச்சாரு அன்னைக்கு, வாய் நிறைய. என்ர கியர் ஒரு தடவைதானேய்யா கத்துச்சு? ஒரே தடவை. இன்னொருக்கா போடுடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் போட்டிருக்கமாட்டேனா?

விடுங்க. கையைக் குடுங்க, எந்திரிக்கறேன். மெதுவா. முட்டி சீட்டுல படக்கூடாது.

இல்லீங்க. பெட்டியை எடுக்காதீங்க. நான் இன்னும் முடிக்கலை. ஒடுக்கை எடுக்கக்கூடாது. இப்பவும் எடுக்கக்கூடாது. யார் போட்டதா இருந்தாலும் போட்டது போட்டதுதான், அது வண்டியோட சொத்து. என்ர மகளுக்குப் போன் பண்ணி, அப்பா விடலை, துரத்தி விட்டுட்டாருன்னு சொல்லுங்க. நான் என்ர பேச்சை மாத்திக்கறவன் இல்லை.

இன்னொண்ணும் சொல்லுங்க. இந்தச் சீட்டை நான் நகர்த்தமாட்டேன். எங்கய்யன் பக்கத்துல உக்காந்து பாத்து வெச்ச சீட்டு இது, நகர்த்தினா அந்த இடம் போயிரும். ஆனா நகர்த்தாம இதுல நான் உக்கார முடியாது. எவனும் உக்கார முடியாது. அவ கால் ஒண்ணுதான் இதுக்கு அளவு. வேற வழியில்லை. அதனால ஞாயித்துக்கிழமை அவளே ஓட்டட்டும். மேடையில மட்டுமில்லை. இங்க இருந்தே ஓட்டட்டும், ரோட்டுல. லாரிக்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிர்றேன். நான் பக்கத்துல உக்காந்துக்குவேன், கியரைக் கவனிக்கறதுக்கு. கரகரன்னா, ம்… கரகரன்னா நான் ஒண்ணுஞ் சொல்லமாட்டேன்.

நான் தோத்துட்டேன்னு அவகிட்டச் சொல்லிராதீங்க. நான் சொல்றது பாதுகாக்கறதுக்கு. சீட்டைப் பாதுகாக்கறதுக்கு. புரியுதுங்களா? ஓட்டறவங்க கட்சியில நான் எப்பவும் சேரமாட்டேன்.

கிளம்பறீங்களா? சரிங்க. செருப்பு அங்க இருக்கு, மோதிரத்தை மறந்துராதீங்க. வந்ததுக்கு ஒரு உபகாரம் பண்ணுங்க. ஸ்டாண்டுல இருந்து இறக்கோணும், நீங்க அந்தப் பக்கம் ஜாக்கியைப் பிடிச்சா நான் இந்தப் பக்கம் பிடிக்கறேன். அந்த இலை விழுந்துராமப் பாத்துக்கங்க.

பங்கஜம்! ஏய் பங்கஜம்! ஞாயித்துக்கிழமைக்கு எலுமிச்சம்பழம் நாலு எடுத்து வெய்யி. சர்பத்துக்கு இல்லை. சக்கரத்துக்கு.